காவல் இருக்கிற காட்டுக்குள் காலநிலை மாற்றம் என்ன செய்யும்?

கேள்வி இதுதான்: "தேசியப் பூங்காவுக்குள் வேட்டை கிடையாது, மரம் வெட்டக் கூடாது, உள்ளே போகவே அனுமதி வாங்க வேண்டும். அப்படியிருக்க, காலநிலை மாற்றத்தால் அங்கே இருக்கிற விலங்குகளுக்கு ஆபத்து என்கிறார்களே, எப்படி? ஒன்றிரண்டு டிகிரி சூடு கூடினால் அவை பழகிக்கொள்ளாதா?"

நியாயமான கேள்விதான். அந்த இரண்டாவது பகுதியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சூடு கூடினால் விலங்கு மயங்கி விழுந்து சாகும் என்று மனதில் ஒரு படம் இருக்கும். அப்படி நடக்கவில்லை என்றதும், 'சரி, தாக்குப்பிடித்துவிட்டது' என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் வெயிலே நேராகக் கொல்வது குறைவு. சூடு வேறு எதையோ மாற்றுகிறது: இரை தேடக் கிடைக்கும் நேரம், குட்டி பிறக்கும் காலம், கொசு வாழக்கூடிய உயரம், கடற்கரை மணலின் வெப்பம். அந்த மாற்றம்தான் கொல்கிறது. அதைத் தடுக்க எந்தக் காவலராலும் முடியாது, ஏனென்றால் உள்ளே யாரும் அத்துமீறி நுழையவே இல்லை.

ஒரு பறவையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் கலகாரிப் பகுதியில் குருமான் ஆற்றுக் காப்பகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே மஞ்சள் அலகு இருவாச்சிகளைக் கூடுபெட்டிகள் வைத்து 2008 முதல் 2019 வரை தொடர்ந்து கவனித்தார்கள். இருவாச்சி குடும்பம் நடத்தும் விதம் நமக்குத் தெரிந்ததுதான். பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பிளவை மட்டும் விட்டுவைக்கும். அந்தப் பிளவு வழியாக ஆண் ஊட்டுவதுதான் அவளுக்கும் குஞ்சுகளுக்கும் சாப்பாடு. இப்போது வெயில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண் பறவை அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். அலகு திறந்திருக்கும்போது பூச்சி பிடிக்க முடியாது. வெயிலில் நடந்தால் இன்னும் சூடாகும் என்பதால் நிழலிலேயே ஒதுங்கியும் நிற்கிறது. நாள் முழுக்கக் கிடைத்த வேட்டை நேரம் காலையிலும் மாலையிலும் கொஞ்சமாகச் சுருங்கிவிடுகிறது. பொந்துக்குள் இருப்பவர்களுக்கு உணவு குறைகிறது.

கணக்கு என்ன சொல்கிறது? 2008–2011 காலத்தில் தொடங்கிய கூடுகளில் 58 சதவீதம் வெற்றி பெற்றன. 2016–2019 காலத்தில் அது 17 சதவீதம். இனப்பெருக்க நாட்களின் சராசரிப் பகல் உச்சவெப்பம் 35.7 டிகிரியைத் தாண்டிய ஒரு கூட்டில்கூட குஞ்சு பிழைக்கவில்லை. சரி, குளிர்ச்சியான மாதத்தில் முட்டையிட்டால் என்ன என்று கேட்கலாம். இந்தப் பறவை மழையை நம்பித்தான் இனப்பெருக்கத்தைத் தொடங்குகிறது, அங்கே மழை கோடையில்தான் வருகிறது. தேதியை மாற்ற அதற்கு வழியில்லை. அந்தக் காப்பகத்தில் யாரும் ஒரு இருவாச்சியைச் சுடவில்லை, ஒரு மரத்தை வெட்டவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பாருங்கள்.

"ஒன்றிரண்டு டிகிரிதானே" என்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால் 2011–2020 காலத்தில் உலகச் சராசரி வெப்பம் 1.1 டிகிரி கூடியிருந்தது. அது கடலையும் சேர்த்த கணக்கு. நிலத்தை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 1.6. இது சராசரி. விலங்கு சராசரியில் வாழ்வதில்லை. கோடையின் மோசமான பத்து நாட்களிலும், மழை பொய்த்த அந்த ஒரு வருடத்திலும்தான் அதன் தலையெழுத்து முடிவாகிறது. சராசரி சிறிது நகர்ந்தாலே அந்த மோசமான நாட்கள் பல மடங்கு கூடிவிடும்.

அடுத்து, இடம் பெயர்தல். பூமியின் தட்பவெப்பம் முன்பும் மாறியிருக்கிறது, உயிரினங்கள் அப்போதெல்லாம் இடம் மாறித்தான் பிழைத்தன. இப்போதும் அதைத்தான் செய்யப் பார்க்கின்றன. இதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா. ஜோசப் கிரின்னல் என்ற விலங்கியலாளர் 1914 முதல் 1920 வரை அங்கே எந்தெந்தச் சிறு பாலூட்டி எந்தெந்த உயரத்தில் இருக்கிறது என்று தன் குழுவோடு குறிப்பெடுத்து வைத்தார். ஏறத்தாழ தொண்ணூறு வருடம் கழித்து அதே தடத்தில் இன்னொரு குழு போனது. 28 இனங்களில் பாதி, சராசரியாக 500 மீட்டர் மேலே ஏறியிருந்தன. குறைந்தபட்ச வெப்பநிலை இடையில் சுமார் 3 டிகிரி கூடியிருந்தது. யோசெமிட்டி 1890 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. அதனால் விவசாயம், கட்டடம் என்று வேறு காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது.

மேலே ஏறிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? மலை மேலே போகப்போகக் குறுகுகிறது. இருக்கும் இடம் குறைகிறது. உச்சிக்கு வந்த பிறகு அடுத்த படி இல்லை. பெருவில் பாந்தியகொய்யா என்ற மலைத்தொடரில் 1985-இல் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். 2017-இல் மறுபடி போனபோது வெப்பம் அரை டிகிரிகூடக் கூடியிருக்கவில்லை. காடும் கைபடாமல் அப்படியே இருந்தது. ஆனால் முன்பு உச்சியில் சாதாரணமாகப் பார்த்த பல பறவைகள் அங்கே இல்லை. வெப்பமண்டலப் பறவைகளுக்கு வருடம் முழுக்க ஒரே மாதிரி வெப்பம் பழகிப்போயிருப்பதால், சிறிய மாற்றம்கூடப் பெரிதாகத் தாக்குகிறது.

மலையில் ஏறுவது விலங்கு மட்டுமல்ல, அதன் எதிரியும்தான். ஹவாய்த் தீவுகளில் நடப்பதைவிட இதற்குத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தத் தீவுகளில் முன்பு கொசுவே கிடையாது. 1820-களில் கப்பல்களில் வந்து இறங்கியது. பிறகு பறவை மலேரியாவும் வந்தது. கொசுவைப் பார்த்தே அறியாத தேன்குடிப் பறவைகளுக்கு அந்த நோயை எதிர்க்கும் சக்தி இல்லை. இய்வி என்ற சிவப்புப் பறவைக்கு நோய்க்கிருமி உள்ள ஒரே ஒரு கொசு கடித்தால் போதும், பத்தில் ஒன்பது செத்துவிடும். தாழ்வான காடுகளில் பறவைகள் தீர்ந்துபோயின. மிஞ்சியவை மேலே, குளிர்ந்த காட்டில் பிழைத்துக் கிடந்தன. வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இருந்தால் மலேரியாக் கிருமி கொசுவின் உடம்பில் வளராது. அந்தக் குளிர்தான் உண்மையான வேலி. அந்தத் தீவுகளில் ஒன்றான காவாயின் மிக உயர்ந்த இடமே சுமார் 1,600 மீட்டர்தான். வெப்பம் கூடக்கூடக் கொசு அந்த மேட்டுநிலம் வரை போய்விட்டது. அங்குள்ள அகிகிகி என்ற சாம்பல் நிறச் சின்னப் பறவை 2023-இல் காட்டில் ஐந்துதான் எஞ்சியிருந்தது. அது இருந்த காடு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காடுதான்.

காலம் தப்பிப்போவது இன்னொரு வகை. நெதர்லாந்தின் ஹோகே வேலுவே பூங்காவில் ஈப்பிடிப்பான் பறவைகள் இனம்பெருக்க வருகின்றன. குளிர்காலத்தை அவை மேற்கு ஆப்பிரிக்காவில் கழிக்கும். புறப்படும் நாளைப் பகல் வெளிச்சத்தின் நீளத்தை வைத்து முடிவு செய்கின்றன, அது மாறவில்லை. பூங்காவில் வசந்தம் முன்கூட்டியே வந்து, இலை துளிர்த்து, புழுக்கள் பெருகி முடிந்துவிடுகின்றன. பறவை வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும்போது பந்தி முடிந்திருக்கிறது. பூங்கா நிர்வாகம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் இதில் செய்வதற்கு அநேகமாக ஒன்றுமில்லை.

கடலுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக் கடற்பூங்கா 1975-இல் அமைக்கப்பட்டது. பரப்பு 3,44,400 சதுர கிலோமீட்டர். 2004 முதல் அதில் மூன்றில் ஒரு பங்கில் மீன்பிடிக்கவே தடை. கடல் பாதுகாப்பு என்றால் உலகமே சுட்டிக்காட்டும் இடம். கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் இருந்தால், பவள உயிரி தன் உடலுக்குள் குடியிருந்து உணவு தயாரித்துத் தரும் பாசியை வெளியே தள்ளிவிடும். அதைத்தான் வெளுத்தல் என்கிறோம். சூடு தணிந்தால் பாசி திரும்பலாம். தணியாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். 2016-இல் மிக மோசமாக அடிபட்டது வடக்குப் பகுதி. மனித நடமாட்டம் குறைந்த, தண்ணீர் சுத்தமாக இருந்த, நன்றாகக் காப்பாற்றப்பட்ட பகுதி அது. ஆழமில்லாத நீரில் இருந்த பவளத்தில் பாதிக்கு மேல் அங்கே போய்விட்டது. பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்னது: மீன்பிடித் தடையோ தண்ணீரின் தரமோ வெளுத்தலின் கடுமையைக் கிட்டத்தட்டக் குறைக்கவே இல்லை. அதன் பிறகு 2017, 2020, 2022, 2024 என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. பவளம் மீண்டு வர ஏறத்தாழப் பத்து வருடமாவது வேண்டும். அந்த இடைவெளி கிடைப்பதில்லை.

அதே கடலின் வடக்கு முனையில் ரெய்ன் தீவு. பச்சை ஆமைகள் உலகிலேயே அதிகமாக முட்டையிட வரும் இடங்களில் ஒன்று. ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் தீர்மானிக்கிறது. 29 டிகிரியை ஒட்டி இருந்தால் கலந்து பிறக்கும், அதைத் தாண்டினால் பெண்ணாகவே பிறக்கும். அந்த வடக்குக் கூட்டத்தைச் சேர்ந்த ஆமைகளைப் பரிசோதித்து 2018-இல் வெளியான முடிவு: வளர்ந்த ஆமைகளில் சுமார் 87 சதவீதம் பெண், இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் பெண். இதில் கவனிக்க வேண்டியது, கரைக்கு வரும் ஆமைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். முட்டையிட வருவது பெண்கள்தானே! ஆண் இல்லாத குறை தெரிய இருபது முப்பது வருடம் ஆகும். காப்பகங்களில் விலங்குகளின் தலையை எண்ணி 'கூடியிருக்கிறது' என்று அறிக்கை தருவதை நான் முழுதாக நம்பாததற்கு இது ஒரு காரணம்.

தாழ்ந்த தீவு என்றால் வேறு கவலையும் உண்டு. வடமேற்கு ஹவாயில் ஒரு பிரம்மாண்டமான கடல் காப்பகத்துக்குள் ஈஸ்ட் தீவு என்ற மணல் திட்டு இருந்தது. ஆமைகள் அங்கே முட்டையிட்டன, அருகிவிட்ட துறவிக் கடல்நாய்கள் (சீல்கள்) குட்டி போட்டு வளர்த்தன. 2018 அக்டோபரில் வலாகா புயல் வந்து ஒரே இரவில் அதில் பெரும் பகுதியைக் கழுவிக்கொண்டு போனது. புயல் எப்போதும் வருவதுதான். கடல்மட்டம் ஏறி, கடல் சூடாகி இருக்கும் காலத்தில் வரும் புயலுக்கு வேகம் வேறு.

அண்டார்டிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1991-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி கண்டம் முழுவதுமே இயற்கைக் காப்பகம். அதைவிடப் பெரிய வேலி உலகத்தில் கிடையாது. பேரரசப் பென்குயின் கரையை ஒட்டிய கடல்பனியின் மேல்தான் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும். குஞ்சுக்கு நீர் ஒட்டாத இறகு முளைத்து நீந்த வருவதற்கு டிசம்பர், ஜனவரி ஆகிவிடும். அதுவரை காலடியில் பனி இருந்தாக வேண்டும். 2022-இன் பிற்பகுதியில் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் பனி முன்கூட்டியே உடைந்தது. அங்குள்ள ஐந்து கூட்டங்களில் நான்கில் அந்த வருடக் குஞ்சு ஒன்றுகூடத் தேறியிருக்க வாய்ப்பில்லை என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து முடிவுக்கு வந்தார்கள்.

வெள்ளமும் வறட்சியும் வேறு கதை. இங்கே எல்லைக்கோடு நேரடியாகவே பகையாகிவிடுகிறது. காசிரங்காவில் வெள்ளம் வராவிட்டால்தான் கெடுதல்; பிரம்மபுத்திரா வருடாவருடம் உள்ளே புகுந்து களையை அடித்துக்கொண்டு போய், ஏரிகளை நிரப்பிவிட்டுப் போவதால்தான் அந்தப் புல்வெளி நிற்கிறது. ஆனால் மழை மொத்தமாகக் கொட்டி வெள்ளம் அளவு மீறும்போது விலங்குகள் தெற்கே கார்பி ஆங்லாங் மேடுகளுக்குப் போயாக வேண்டும். நடுவில் தேசிய நெடுஞ்சாலை. 2024 ஜூலை வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விலங்குகள் செத்தன, பெரும்பாலும் பாடா மான்கள். காண்டாமிருகங்களும் உண்டு. பூங்கா பத்திரமாக இருக்கிறது, பூங்காவுக்கு வெளியே இருக்கும் அந்த மேடுதான் உயிர் காக்கிறது. அதற்கு அதே அளவு காவல் இல்லை. ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கேயில் நிலைமை தலைகீழ். வற்றாத ஆறு கிடையாது, ஆழ்துளைக் கிணற்றில் இறைத்து ஊற்றும் தண்ணீர்தான். 2019 வறட்சியில் அங்கே சுமார் 200 யானைகள் மாண்டன. பெரும்பாலானவை தாகத்தால் செத்தன என்று சொல்ல முடியாது. யானைக் கூட்டம் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியே நின்று சுற்றியுள்ள மரம், புல் அத்தனையையும் தீர்த்துவிடும். அப்புறம் தண்ணீர் இருக்கும், தின்ன ஒன்றும் இருக்காது.

இதெல்லாம் கேட்டால் ஒரு கோணம் தெரியும். காப்பகத்தின் எல்லையை வரைந்தபோது அந்த விலங்கு அன்றைக்கு எங்கே இருந்ததோ அங்கே வரைந்தோம். உண்மையைச் சொன்னால், பல இடங்களில் யாருக்கும் வேண்டாத நிலமாகப் பார்த்து, உழவுக்கு உதவாத மேடும் வறண்ட காடுமாகத்தான் ஒதுக்கினோம். கோடு அங்கேயே நிற்கிறது, தட்பவெப்பம் நகர்கிறது. எவ்வளவு வேகத்தில் என்று 2009-இல் ஒரு கணக்கு வெளிவந்தது: அதே வெப்பத்திலேயே இருக்க ஓர் உயிர் உலகச் சராசரியாக வருடத்துக்கு சுமார் 420 மீட்டர் நகர வேண்டும். மலைச்சரிவில் குறைவு, சமவெளியில் அதிகம். அதே கணக்குப்படி, இன்றைய தட்பவெப்பம் நூறு வருடத்துக்கு மேல் தன் எல்லைக்குள்ளேயே தங்கும் காப்பகங்கள் உலகில் 8 சதவீதம்தான். மீதியில் இருக்கும் உயிர்கள் வெளியே போயாக வேண்டும். வெளியே வயல், சாலை, ஊர்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பதில் ஒருதலைப்பட்சமாகிவிடும். எல்லாப் பழியையும் காலநிலை மேல் போடுவதும் சரியல்ல. கோஸ்டா ரிகாவின் மொண்டேவெர்தே மேகக்காட்டுக் காப்பகத்தில் பொன்தேரை என்று ஒன்று இருந்தது. 1987-இல் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் பார்த்தார்கள். 1989-இல் ஒன்று. அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. காலநிலை மாற்றத்துக்குப் பலியான முதல் இனம் என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்த வருடங்களில் எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) கொண்டுவந்த வறட்சி இருந்தது, உலகெங்கும் தவளைகளைக் கொன்ற பூஞ்சை நோயும் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றும் வாதாடுகிறார்கள். வேட்டையைத் தடுக்கத் தவறிய நிர்வாகத்துக்கு 'எல்லாம் காலநிலை' என்பது வசதியான சாக்கு. பெரும்பாலான காப்பகங்களில் வெப்பம் தனியாக வந்து கொல்வதில்லை. ஏற்கெனவே கூட்டம் சிறுத்து, சுற்றிலும் அடைபட்டு நிற்கும் இனத்தின் மேல் வந்து விழுகிறது.

அதனாலேயே எண்ணிக்கை முக்கியம். 2015 மே மாதம் கசகஸ்தானில் சைகா மான்கள் மூன்று வாரத்துக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேல் செத்தன. உடம்பிலேயே சாதுவாக இருக்கும் ஒரு பாக்டீரியா, வழக்கத்தை மீறிய வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் திடீரென்று உயிர்க்கொல்லியாகிவிட்டது. அப்போது உலகத்தில் இருந்த சைகாக்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. ஆனால் மிஞ்சியவை போதிய அளவு இருந்தன, வேட்டைக்கு எதிரான காவலும் இருந்தது, ஓடித் திரியப் பெரிய புல்வெளியும் இருந்தது. 2023-இல் கசகஸ்தானில் மட்டும் 19 லட்சத்தைத் தொட்டன. காப்பகத்தால் பயனில்லை என்று யாராவது இந்தப் பதிலைப் படித்துவிட்டு முடிவு கட்டினால், சைகாவைத்தான் காட்டுவேன். காவல் வெப்பத்தைத் தடுக்காது. அடி விழுந்த பிறகு எழுந்திருக்கும் தெம்பை அது தரும்.

என்ன செய்யலாம்? பெரிய மருந்து பூமியைச் சூடாக்கும் புகையைக் குறைப்பதுதான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. காப்பகம் நடத்துகிறவர்கள் கையில் இருப்பவற்றில் எனக்கு முதலில் தோன்றுவது, புதிய காப்பகம் அறிவிப்பதைவிட இருப்பவற்றை ஒன்றோடொன்று இணைப்பது. அதிலும் தாழ்ந்த நிலத்திலிருந்து மேட்டுக்குப் போகும் வழித்தடங்கள். கனடாவின் பான்ஃப் பூங்காவில் நெடுஞ்சாலைக்கு மேலேயும் கீழேயுமாக விலங்குகளுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட கடவைகள் கட்டி, கரடிகளும் மான்களும் அவற்றைப் பயன்படுத்துவதைப் பல வருடமாகப் பதிவு செய்துவருகிறார்கள். இரண்டாவது, மலை மடிப்பு, நீரூற்று, வடக்கு பார்த்த சரிவு என்று மற்ற இடங்களைவிட மெதுவாகச் சூடாகும் இடங்களைக் கண்டுபிடித்து அவற்றுக்கு முதல் காவல் போடுவது. இது செலவு குறைந்த வேலை, ஆனாலும் பலர் செய்வதில்லை.

சில இடங்களில் இன்னும் துணிந்து இறங்கிவிட்டார்கள். ஹவாயில் 2023 முதல் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய்க் காட்டுக்குள் விடுகிறார்கள். அவற்றோடு இணையும் காட்டுக் கொசுவின் முட்டை பொரிக்காது. ஆண் கொசு கடிக்காது என்பதால் பறவைக்கும் ஆபத்தில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் சதுப்புநில ஆமை இன்னொன்று. அழிந்துவிட்டது என்று நினைத்திருந்து 1953-இல் திரும்பக் கண்டெடுத்த ஆமை அது. பெர்த் நகரத்துக்குப் பக்கத்தில் அதற்கென்றே சிறிய காப்பகங்கள் உண்டு. குளிர்கால மழையில் நிரம்பும் குட்டைகளில்தான் அது தின்று வளரும். 1970-களிலிருந்து அங்கே மழை குறைந்துகொண்டே வருகிறது, குட்டை சீக்கிரம் வற்றுகிறது. 2016-இல் சில குட்டி ஆமைகளை முந்நூறு கிலோமீட்டர் அளவுக்குத் தெற்கே, அந்த இனம் இதுவரை வாழ்ந்ததற்குப் பதிவே இல்லாத ஈரமான இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே தண்ணீர் நிற்கிறது, ஆனால் இன்றைக்கு அது ஆமைக்குக் கொஞ்சம் குளிர்ச்சி அதிகம். குளிர்ந்தால் ஆமை குறைவாகத் தின்று மெதுவாக வளரும். அதனால் ஒவ்வொரு ஆமையையும் கருவி பொருத்திப் பின்தொடர்ந்து எடை பார்த்தார்கள்.

இப்படி வேறிடத்தில் கொண்டுபோய் விடுவதை எதிர்ப்பவர்களும் உண்டு. புது இடத்தில் அது அங்குள்ளவற்றைத் தின்று தீர்த்தால் என்ன செய்வது என்கிறார்கள். ஒரு வேட்டை விலங்கையோ வேகமாகப் பெருகும் தவளையையோ பற்றிய பேச்சு என்றால் நானும் அவர்கள் பக்கம்தான். உள்ளங்கை அளவுள்ள, பருவத்துக்கு வரவே பத்து வருடம் எடுத்துக்கொள்ளும் ஒரு ஆமைக்கு அந்தப் பயம் அதிகப்படி என்று நினைக்கிறேன்.